மூன்று செம்புத் தண்ணீர்

பரீட்சைத் தாள்களோடு அலுவிகாரையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பூசாரி வீரமலையின் மகள் போன் செய்தாள். "மாஸ்டர், அப்பா தவறிட்டாரு. கோயிலுக்குத் தண்ணி தெளிச்சிட்டு வந்து உக்காந்தவருதான்." இரண்டு பஸ்கள் வந்து போயின. நான் ஏறவில்லை.

வாரநாளில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை, வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் தோட்டத்து முனியாண்டிக்குப் பூசை என்று வாழ்ந்தவர். அவரோடு வேப்பிலை ஒடிக்கப் போனவர்களுக்கு அவருடைய வாய் தெரியும். மரத்தைத் தொட்டு, எதற்கு, எத்தனை கொப்பு என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். மூன்று கேட்டுவிட்டு நான்கு ஒடித்தவன் அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்வான்.

கோயில் கமிட்டிச் செயலாளரான நான், ஒரு திருவிழாவுக்கு மாத்தளை டவுனில் பிளாஸ்டிக் மாலைகள் வாங்கி வந்தேன். தூக்கி எறிவார் என்று பயந்தேன். வாங்கிச் சாமிக்குச் சாத்தினார். விழா முடிந்ததும் வாடிய பூமாலைகளை மரத்தடியில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் மாலைகளைக் கழுவி என் கையில் கொடுத்தார்.

"பூவ மண்ணு வாங்கிக்கும் மாஸ்டர். இத யாரு வாங்குவா? நீங்க கூட்டியாந்தது, நீங்களே வச்சுப் பாருங்க."

சாமி வேலைக்கு வந்ததைக் குப்பையில் போடக் கூடாதாம். அவை இன்னும் எங்கள் அலுமாரிமேல் இருக்கின்றன. தூசி தட்டும்போதெல்லாம் என் மனைவி என்னைத் திட்டுகிறாள்.

போன வருடம் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தால் ஆடு வெட்டுவதாக முனியாண்டிக்கு நேர்ந்திருந்தேன். திருவிழாவன்று அவள் எழுந்து நடக்க முடியாமல் வீட்டில் கிடந்தாள். பூசாரி ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம் என்று அர்த்தம். மூன்று செம்பு ஊற்றியும் ஆடு அசையாமல் நின்றது. வழக்கமாக எல்லோரும் செய்வதுபோல் காதுக்குள் ஊற்றினால் தானே சிலிர்க்கும் என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னொரு செம்பு ஊத்துங்கண்ணே. வீட்ல அவ கெடக்கா," என்று கெஞ்சினேன்.

"மூணு தடவ கேட்டாச்சு மாஸ்டர். வேணாங்குது. நடுங்குற வரைக்கும் ஊத்திட்டு அதுக்குப் பேரு சம்மதம்னு சொன்னா, சாமிக்குத் தெரியாதா?"

பிறகு சாமியைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நேத்திக்கடன் பாக்கி நிக்கிது. குத்தம்னா எனக்கு. அவங்க வீட்டுப் பக்கம் போகாத."

ஆட்டின் கயிற்றை அவிழ்த்து விட்டார். ஆத்திரத்தில் நான் விபூதிகூட வாங்காமல் வந்துவிட்டேன். மனைவி மெல்ல மெல்லத் தேறினாள். அதன் பிறகாவது போய் அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். வீம்பு விடவில்லை. அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

சாவு வீட்டில் ஒருவர், அந்த ஆட்டுக் குற்றம்தான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதியிருக்கிறார். நானும் படித்தவன்தான். இருந்தும் அந்தச் சொல்லை உதற முடியவில்லை. ஒரு உயிர் வேண்டாம் என்றால் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மனிதர், எனக்காகச் சாமி முன்னால் தன்னை ஈடாக நிறுத்தினார்.

அவரைத் தெரிந்தவர்கள் அவருடைய பேச்சை, பூசையை, கோபத்தை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்துக்கொள்வது அந்தக் குற்றத்தை. முனியாண்டி, அது என்னுடையது. அவரை விட்டுவிடு.