கல்கரிக்குப் போன காலிப் பெட்டி

மாலை எட்டே கால் மணி. வெயில் இன்னும் காரின் முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில், இரண்டு பக்கமும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த கனோலா எண்ணெய்வித்து வயல்களுக்கு நடுவே, ஒரு பெண் நின்றுகொண்டு நீலத் துப்பட்டாவை இரண்டு கைகளாலும் தூக்கி ஆட்டினார். ஓடுகிற பஸ்ஸை நிறுத்துவதுபோல இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு ஆள் இல்லை.

"நம்ம கார்தான்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"வேற எந்தக் கார் இங்க வரப்போகுது?" என்றார் அப்பா.

அது கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணம், ஜூலை மாதம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. டெக்சாஸில் ஹூஸ்டனை ஒட்டியிருக்கும் சுகர் லேண்டிலிருந்து கிளம்பி, வடக்கே வடக்கே என்று வந்து எல்லையைத் தாண்டியிருந்தோம். கல்கரிக்கு அப்பால் இருக்கும் மலைகளைப் பார்ப்பது திட்டம். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு வழியெல்லாம் நண்பர்கள் இருந்தார்கள். எங்களைப் போன்ற குடும்பங்களில் ரோடு ட்ரிப் என்றால், வரைபடத்தில் முதலில் நண்பர்களின் வீடுகளைக் குறித்துவிட்டு அப்புறம்தான் சாலையைத் தேடுவார்கள். ஓட்டலில் தங்கினால் நண்பர் கோபித்துக்கொள்வார். வீட்டில் தங்கினால் நண்பரின் மனைவிக்கு வேலை இரட்டிப்பாகும். கோபத்தைத் தவிர்ப்பதுதான் முக்கியம் என்று எல்லா ஆண்களும் முடிவு செய்திருந்தார்கள்.

நாங்களும் வெறுங்கையோடு போகவில்லை. பின்சீட்டில் எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் அம்மா வாங்கிய உறைந்த முருங்கைக்காயும் தேங்காய்த் துருவலும் அதில் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் இறக்கினோம். ஐஸ் பெட்டி இருந்தவரை தம்பியின் கால் என் மேல் படாது, ஜன்னல் எனக்கே எனக்கு. அந்தப் பயணத்தில் நான் கவலைப்பட்ட ஒரே விஷயம் அந்த ஜன்னல்தான்.

துப்பட்டாவை ஆட்டியவர் அப்பாவின் பள்ளித் தோழருடைய மனைவி. அவரை ஆன்ட்டி என்றும் தோழரை அங்கிள் என்றும் கூப்பிட்டோம். அங்கிள் அந்த ஊர் மருத்துவமனையில் டாக்டர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் என்பதால், மாகாணம் சொன்ன ஊரில் சில ஆண்டுகள் வேலை பார்ப்பதாகக் கையெழுத்துப் போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். ஆன்ட்டியும் டாக்டர்தான், பல் டாக்டர். கோயம்புத்தூரில் சொந்தமாக கிளினிக் வைத்திருந்தவர். கனடாவில் அவருக்கு லைசென்ஸ் கிடையாது. கிடைத்திருந்தாலும் அந்த ஊரில் பல் கிளினிக் கிடையாது.

ஊரில் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு போஸ்ட் ஆபீஸ், ஐஸ் ஹாக்கி ஆடும் கொட்டகை ஒன்று, ரயில் பாதையை ஒட்டி தானியம் சேமிக்கும் உயரமான மரக் கட்டடம் ஒன்று. தமிழ்க் குடும்பமும் ஒன்று.

அங்கிள் வாசலிலேயே ஒரு ஜோக் சொன்னார். "இந்த ஊர்ல நாய் வீட்டை விட்டு ஓடிப்போச்சுன்னு வெச்சுக்கோ, மூணு நாளைக்கு அது போறது தெரியும்டா. அவ்ளோ ஃப்ளாட்டு." அப்பா வெடித்துச் சிரித்தார்.

"வர்றவங்க எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவாரு," என்றார் ஆன்ட்டி. "வர்றதுக்குத்தான் ஆள் இல்ல."

ஓர் இரவு தங்கிவிட்டு சனிக்கிழமை காலையில் கிளம்புவதாக இருந்தோம். அப்பா காருக்கு முன்னால் நின்று டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னார்: "அண்ணா, இட்லிக்கு மாவு அரைச்சுட்டேனே."

இந்த வாக்கியத்துக்கு இருக்கும் பலம் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். புயல் எச்சரிக்கை கேட்டும் பயணத்தைத் தள்ளிப் போடாதவர் என் அப்பா. அவர் உள்ளே வந்து சாவியை மேஜை மேல் வைத்தார். மாவு பொங்கியிருக்கவில்லை. அங்கே ஜூலையிலும் இரவு குளிரும். ஆன்ட்டி மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் விளக்கை மட்டும் எரிய விட்டிருந்தார். சாயங்காலம் பொங்கினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி. அம்மா ஓவனைத் திறந்து பார்த்துவிட்டு அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "கல்யாண வீட்டுக்கு அரைச்ச மாதிரி அரைச்சிருக்கா. நம்மள அனுப்பறதா உத்தேசமே இல்ல."

மதியம் அங்கிள் அப்பாவையும் தம்பியையும் ஏரியில் மீன் பிடிக்க அழைத்துப் போனார். நான் பேஸ்மென்ட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க மேலே வந்தபோது அம்மாவும் ஆன்ட்டியும் பேச்சை நிறுத்தினார்கள். ஆன்ட்டி ஏற்கெனவே உரித்து வைத்திருந்த வெங்காயத்தை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தார். அடுத்த முறை நான் மேலே வந்தபோதும் அதே வெங்காயம் கையில் இருந்தது, முன்பைவிடச் சின்னதாக.

அன்று இரவு அப்பா பேஸ்மென்ட்டில் தங்கள் படுக்கைகளை விரித்துக்கொண்டிருந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். தம்பி உண்மையாகவே தூங்கிவிட்டிருந்தான்.

"கல்கரில ஒரு டென்டல் கிளினிக்ல இவள அசிஸ்டென்ட்டா சேத்துக்கறேன்னு சொல்லிருக்காங்க. திங்கக்கிழமை ஜாயின் பண்ணணுமாம். தங்கறதுக்கு திருச்சிப் பொண்ணு ஒருத்தியோட வீட்ல ரூமும் பாத்துட்டா. போய்ச் சேர்றதுக்குத்தான் வழி இல்ல. இவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் இல்ல, இந்த ஊருக்கு பஸ்ஸும் இல்ல."

"அவன் டிராப் பண்ண மாட்டானா?"

"ரெண்டு வருஷமா கேக்கறாளாம். அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் முடியட்டும், சேர்ந்தே போயிடலாம்ங்கறாராம். அவருக்கு எப்பவுமே அடுத்த வருஷந்தான்."

"ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவன்டி அவன். அவன் வீட்ல சாப்பிட்டுட்டு அவன் பொண்டாட்டியையே வண்டில ஏத்திட்டு வந்தேன்னு நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க. என்னால முடியாது."

"யாரு ஏத்திட்டு வரச் சொன்னா? அவ கடைக்கு வர்றா. அரிசி, பருப்பு வாங்க. அவர்கிட்டயும் அதைத்தான் சொல்லப் போறா."

"திரும்பி எப்படி வருவான்னு கேட்டா?"

"கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

அப்பா ஒரே தலையணையைப் பலமுறை தட்டிப் போட்டார். இவ்வளவையும் கேட்ட எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: நாளை காரில் இன்னொருவர் வருகிறார், அவர் பெரியவர் என்பதால் ஜன்னல் அவருக்குப் போகும். அது அநியாயம் என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

காலையில் இட்லி நன்றாக வந்திருந்தது. ஆன்ட்டி எல்லோருக்கும் பரிமாறினார். அங்கிளின் தட்டில் சாம்பார் ஊற்றும்போது, முன்பே பலமுறை சொல்லிப் பார்த்த குரலில் சொன்னார்: "நானும் இவங்களோட கல்கரி வரைக்கும் போறேன். வீட்ல உளுந்து சுத்தமா தீந்துபோச்சு."

அது உண்மை. இருந்த உளுந்தெல்லாம் எங்கள் தட்டுகளிலும் மாவுப் பாத்திரத்திலும் இருந்தது.

அங்கிள் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "நிறைய வாங்கணுமோ?" என்றார்.

"பெரிய பெட்டியைக் கொண்டு போறேன். காலியாத்தான இருக்கு."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. எப்படித் திரும்பி வருவாய் என்ற கேள்விக்காக அம்மா பதிலை வைத்துக்கொண்டு காத்திருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கேள்வி வரவில்லை.

"இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்றார் ஆன்ட்டி.

"வை," என்றார் அங்கிள்.

பெட்டி கரும்பச்சை நிறம். விமானப் பயணத்துக்கு வாங்கிய பெரிய அளவு. படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அப்பா எடுக்கப் போனார். "நீ விடுடா, காலிப் பெட்டிதானே," என்று அங்கிள் குறுக்கே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர் ஒற்றைக் கையால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். பெட்டி எழும்பவில்லை. சற்று நேரம் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு குனிந்து, இன்னொரு கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. வாசல் படிகளில் ஒவ்வொன்றிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார். வெளியே சரளைக் கல் பாதை. சக்கரம் உருளாது. கார் வரைக்கும் சுமந்தே போனார். டிக்கியில் வைத்ததும் காரின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தது.

"அங்கிள், வாட்ஸ் இன் இட்? ராக்ஸ்?" என்றான் தம்பி.

"ஒண்ணும் இல்லடா கண்ணா. காத்து," என்றார் அங்கிள்.

அப்பா மறுபடியும் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஐஸ் பெட்டி டிக்கிக்குப் போனது. நான் நினைத்தபடியே நடு சீட் எனக்கு வந்தது. எல்லோரும் ஏறிய பிறகு அங்கிள், "ஒரு நிமிஷம் இரு," என்று சொல்லி வீட்டுக்குள் ஓடினார். திரும்பி வந்து டிக்கியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. "சரியா மூடல," என்றார். ஆன்ட்டியின் பக்கம் வந்து நின்றார். ஆன்ட்டி கண்ணாடியை இறக்கினார்.

"ஹைவேல மான் குறுக்க வரும். பாத்து ஓட்டச் சொல்லு." அப்பா காதுக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"மீதி மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு," என்றார் ஆன்ட்டி.

"ம்."

அவ்வளவுதான் பேசினார்கள். எங்கள் வீட்டில் ஸ்கூலுக்குக் கிளம்பும்போதுகூட 'போறேன்' என்று சொன்னால் அம்மா திட்டுவார், 'போயிட்டு வரேன்' என்று திருத்திச் சொல்ல வைப்பார். ஆன்ட்டி இரண்டையுமே சொல்லவில்லை. அம்மா அதைத் திருத்தவும் இல்லை. பெரியவர்களுக்கு விதி வேறு என்று எடுத்துக்கொண்டேன்.

நடுவில் உட்கார்ந்ததில் ஒரு லாபம் இருந்தது. திரும்பினால் பின்கண்ணாடி முழுவதும் எனக்கே. அங்கிள் தெருவைத் தாண்டி, நெடுஞ்சாலைத் திருப்பம் வரைக்கும் நடந்து வந்து நின்றார். சாலை நேராகவே போனது. அவர் சின்னதாகிக்கொண்டே வந்தார், மறையவில்லை. "அங்கிள் இன்னும் அங்கதான் நிக்கறார்," என்று அறிவித்தேன். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அறிவித்தேன். "முன்னாடி பாத்து உக்காரு," என்று அம்மா அதட்டினார். ஆன்ட்டி திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்த பிறகு ஒரு பெட்ரோல் பங்கில் நின்றோம். ஃபாயிலில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மிளகாய்ப்பொடி இட்லியைக் காரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆன்ட்டியின் போன் அடித்தது. அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா முன்சீட்டிலிருந்து திரும்பி, "எடு," என்றார். எடுத்தார்.

அங்கிளின் குரல் வெளியே கேட்டது. "புளி எங்க இருக்கு?"

"மேல் ஷெல்ஃப்ல. காபிப்பொடி டப்பாவுக்குப் பின்னாடி."

"கடுகு?"

"அஞ்சறைப் பெட்டில இருக்கும். அடுப்புக்குக் கீழ முதல் டிராயர்."

"சாதத்துக்குத் தண்ணி?"

"ஒண்ணுக்கு ரெண்டரை. பழைய அரிசின்னா மூணு வைங்க." பிறகு ஆன்ட்டி, "பெருங்காயம் கட்டியா இருக்கு, சுடுதண்ணில ஊறப் போடணும்," என்றார். அங்கிள் சரி என்றார்.

டாக்டருக்குப் புளி இருக்கும் இடம் தெரியவில்லை என்று நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா எங்கள் இருவர் தொடையிலும் கிள்ளினார். ஒரு பாத்திரம் நிறைய மாவு இருக்கும்போது இவருக்கு எதற்குப் புளியும் சாதமும் என்றும் எனக்குத் தோன்றியது. கேட்டால் இன்னொரு கிள்ளு விழும் என்பதால் கேட்கவில்லை.

கல்கரியின் வடகிழக்கு மூலையில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையில் ஒரு வீட்டு முன்னால் அப்பா காரை நிறுத்தினார். திருச்சி அக்கா வெளியே வந்தார். கடை எதுவும் கண்ணில் படவில்லை. நல்ல வெயில்.

அப்பா டிக்கியைத் திறந்தார். பச்சைப் பெட்டியின் மேல் கறுப்பாக, தடியாக ஏதோ மடித்து வைத்திருந்தது. நான் போர்வை என்றுதான் நினைத்தேன். சுகர் லேண்டில் யாருக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டதில்லை. நான் தூக்கியபோது கை இருந்தது, தொப்பி இருந்தது, தொப்பியின் ஓரத்தில் ரோமம் இருந்தது. முழங்காலுக்குக் கீழே வரை வரும் பனிக்காலக் கோட்டு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் பெண்கள் போடும் பூட்ஸ்.

"அங்கிள் தெரியாம நம்ம கார்ல வெச்சுட்டார்," என்றேன். "போஸ்ட்ல திருப்பி அனுப்பிடலாம்."

ஆன்ட்டி கோட்டை என்னிடமிருந்து வாங்கி, அந்த வெயிலில் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பெட்டியை இறக்கினார். பூட்ஸ் பையை எடுத்துக்கொண்டு வரும்படி அம்மா என்னிடம் சொன்னார். எடுத்தேன். இரண்டு பூட்ஸுக்குள்ளும் கம்பளி சாக்ஸ் திணித்திருந்தது.