காத்தாடி மாட்டிய லாரி

லாரி ரிப்பேர்த் தொழிலில் கெட்டுப்போன சாமான் நம் உயிரை வாங்காது; நன்றாக ஓடுகிற வண்டியில் புதிதாக மாட்டச் சொல்லிக் கொண்டுவருகிற சாமான்தான் வாங்கும். ஸ்பானர் பிடித்துக் கை காய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலக்கரை லாரி ஷெட்டில் பல வருஷம் ராத்திரி பிட்டராக இருந்தவன் நான். பகலில் தூக்கம் வராது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த எஞ்சின் புத்தகங்களை அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்துத்தான் தொழில் கற்றேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதைக் கீழே காண்க.

பாலத்தில் வெள்ளோட்டம்

மெட்ராஸிலிருந்து ஒரு விற்பனைக்காரர் வந்தார். கையில் காத்தாடி மாதிரி தகர இறக்கை வைத்த சின்னச் சக்கரம். காற்று போகிற குழாயில் இதை வைத்தால் எஞ்சினுக்குக் காற்று கூடும், இழுவை கூடும், டீசல் குறையும் என்றார். "வெளிநாட்டு வண்டியில டர்போன்னு ஒண்ணு இருக்கே, அதுக்குத் தம்பி சார் இது!" என்றார். அசல் டர்போவை எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை சுற்றுகிறது. அது காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. இதையோ எஞ்சினே மூச்சு இழுத்துச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவனுக்கு இது என்னத்தைத் திருப்பிக் கொடுக்கும்?

எங்கள் முதலாளிக்கு வீடு ஸ்ரீரங்கத்தில். அவரை முன்சீட்டில் உட்காரவைத்து, விற்பனைக்காரர் ஏற்கெனவே காத்தாடி மாட்டிக் கொண்டுவந்திருந்த காலி லாரியைக் காவேரிப் பாலத்தில் விரட்டிக் காட்டினார்கள். காலி லாரி பறக்காமல் என்ன செய்யும்? "லோடு ஏத்தி ஒரு மேட்டுல பாக்கலாமே" என்றேன். விற்பனைக்காரர் என்னைப் பார்க்காமல் முதலாளியிடம் சொன்னார்: "ராத்திரி வேலை பாக்கறவங்களுக்குத் தூக்கக் கலக்கத்துல சந்தேகம் ஜாஸ்தி வரும் சார்."

விசில்

முதலாளி ஒன்று வாங்கிவிட்டார். எங்கள் லாரி ஒன்றில் அதை மாட்ட ஏர் பில்டரைக் கழற்றினேன். அடியில் எண்ணெய்க் கிண்ணம்; தூசியை அந்த எண்ணெய்தான் பிடித்து வைக்கும். புதுக்கோட்டை ரோட்டு மண் முழுக்க அதில் அல்வா கிண்டியதுபோல் இருந்தது. கழுவி, புது எண்ணெய் ஊற்றி, காத்தாடியையும் மாட்டிக் கொடுத்தேன். விற்பனைக்காரர் மேலே கம்பி கட்டி ஈய சீல் ஒன்று வைத்தார். சீல் அறுந்தால் காரண்டி கிடையாதாம்.

அந்த வண்டியின் டிரைவர் சவரிமுத்து மறுநாள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே இறங்கினான். புகை இல்லை, மேட்டில் இழுக்கிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கீச்சென்று விசில் வேறு. "அது பில்டரைக் கழுவினதாலப்பா" என்றேன். அவன் என் தோளில் தட்டினான்: "போங்கண்ணே, கழுவினது விசில் அடிக்குமா? இது அடிக்குதுல்ல!"

ஈய சீல்

சில வாரத்தில் பில்டர் மறுபடி மண்ணால் அடைத்துக்கொண்டது. கழுவலாம் என்றால் காத்தாடியைக் கழற்ற வேண்டும். கழற்ற சீலை அறுக்க வேண்டும். வண்டி கரும்புகை கக்கியது, மேட்டில் முனகியது, டீசலை முன்னைவிட அதிகம் குடித்தது. விசில் மட்டும் குறையவில்லை.

சீலை அறுக்கலாமா என்று முதலாளியிடம் போய் நின்றேன். விற்பனைக்காரர் சொன்ன கணக்கு அவர் தலையில் வேரோடியிருந்தது: டீசல் குறைந்தே ஆக வேண்டும். குறையவில்லை என்றால் யாரோ எடுக்கிறார்கள். பூஜை முடித்து வந்த முகத்தில் கோபம்கூட இல்லை. "சீல்ல கை வைக்காதே. சாமான் சரியாத்தான் இருக்கு. டீசல் எங்க போறதுன்னு உன் டிரைவரைக் கேளு" என்றார்.

அறுக்க வந்த கட்டிங் பிளையர்

நடப்பது நடக்கட்டும் என்று கட்டிங் பிளையரை எடுத்தேன். சவரிமுத்துவே என் கையைப் பிடித்துக்கொண்டான். சீல் அறுந்திருந்தால் அவன்தான் அறுத்தான் என்று ஆகிவிடும். மாதா கோயில் தெருவில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மனைவி மக்களோடு போகிறவன். சிரிப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "வேலை போனா வேற வண்டி கிடைக்கும்ணே. டீசல் திருடன்னு பேர் வந்துட்டா எந்த ஷெட்டுல சாவி குடுப்பாங்க?"

ஆள் மாறியது

வேலை, பேர் இரண்டும் போயின. மற்ற டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். புது டிரைவர் முதல் லோடிலேயே மணப்பாறைக்கு அந்தப் பக்கம் ஒரு மேட்டில் நின்றுவிட்டார். கயிறு கட்டித்தான் வண்டி வந்தது. வேறு வழியில்லாமல் முதலாளியே சீலை அறுக்கச் சொன்னார். உள்ளே அடைத்திருந்த மண்ணைத் தட்டில் கொட்டி அவர் முன்னால் வைத்தேன். சவரிமுத்துவுக்கு ஆள் அனுப்புவார் என்று நினைத்தேன். நாற்பது வயதுக்கு மேலும் இப்படியெல்லாம் நினைக்கிறேன். "கழுவிட்டு மறுபடி மாட்டு" என்றார். மாட்டினேன். வண்டி நன்றாக இழுத்தது. ஷெட் முழுக்கக் கேட்கும்படி அவர் உரக்கச் சொன்னார்: "பாத்தேளா, ஆள் மாறினதும் வண்டி எப்படிப் போறது!"

உறையூரில்

கொஞ்ச நாள் கழித்து உறையூரில் சவரிமுத்துவைப் பார்த்தேன். நூல் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். மேடு ஏறும்வரை நானும் பின்னாலிருந்து தள்ளினேன். பில்டரில் மண் அடைத்திருந்ததையும் முதலாளி அதைக் கண்ணால் பார்த்ததையும் சொன்னேன். மூச்சு வாங்க நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு என்னண்ணே? பாலக்கரைல எல்லாருக்கும் விசில்தானே கேக்குது."

அந்தக் காத்தாடி வேகத்தைக் கூட்டுமா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. லாரியைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் அதை ஓட்டியவனை அது வெகு வேகமாகத்தான் கீழே இறக்கியது.