பிரஷர் மாத்திரையும் செவ்விளநீரும்

என் கணவர் பிரஷர் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடமாட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. பிடிவாதம் வேறு இடத்தில் இருந்தது. கந்தசஷ்டி வந்தால் சோற்றைத் தொடமாட்டார், செவ்விளநீர்தான் ஆகாரம். அந்த வருடம் கிளினிக்கில் பழைய மாத்திரையை மாற்றி, கூடவே இன்னொன்றும் கொடுத்திருந்தார்கள். விரதம் இருக்கப்போவதை டொக்டரிடம் சொல்லுங்கள் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

“சாமி காரியத்த கிளினிக்ல போயா கேக்குறது?” என்றார்.

வத்தேகமயில் எங்களுக்குச் சின்னப் புடவைக்கடை. விரதக்காரர் என்று தெரிந்ததும் ஆளாளுக்குச் செவ்விளநீர் கொண்டுவந்தார்கள். யார் மனதும் நோகக்கூடாதென்று அத்தனையையும் குடித்தார். சூரசம்ஹாரத்துக்கு முதல் நாள் காலை, கடைக் கதவைத் திறக்கப் போனவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கால்ல பெலமே இல்ல புள்ள.”

நாடியைப் பிடித்தேன். ஒன்று அடித்தால், அடுத்தது வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. ஓட்டோவில் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கையை நான் விடவில்லை. அவரையும் திட்டினேன், முருகனையும் திட்டினேன்.

ஈ.சி.ஜி.யைப் பார்த்த டொக்டரின் முகம் மாறியது. வேறு மருந்து ஏதும் எடுத்தாரா என்று கேட்டார். இல்லை என்று இவர் தலையாட்டினார். நாட்டு மருந்து? அதற்கும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விரதம் டொக்டர். சாப்பாடே இல்ல. நாள் பூரா தம்பிலி எளநிதான் குடிக்கிறாரு.”

டொக்டர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார். பிறகுதான் எனக்கு விளக்கினார். புது மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்குமாம். செவ்விளநீரிலும் அது நிறைய இருக்கிறதாம். இரண்டும் சேர்ந்தால் இதயமே நின்றுபோகலாம், இனி ஒரு வாய்கூடக் கொடுக்கக்கூடாது என்றார்.

மாலையில் தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பினேன். கலகெதரயிலிருந்து வந்த என் அண்ணன் கட்டிலருகே நின்றிருந்தார். கையில், ஆஸ்பத்திரி வாசலில் வெட்டி வாங்கிய செவ்விளநீர்.

“களைப்புக்கு நல்லது. குடிங்க மாப்ள.”

மச்சான் கையால் கொடுப்பதை எப்படி மறுப்பது என்று இவரும் தலையைத் தூக்கிவிட்டார். ஸ்ட்ரோ உதட்டில் பட்டிருந்தது. பாய்ந்து பிடுங்கினேன். அண்ணனின் முகம் சுருங்கிப்போயிற்று. வார்டே எங்களைப் பார்த்தது. நின்ற நிலையில் அதை நானே குடித்து முடித்தேன். நல்ல இனிப்பு. அழுதுகொண்டே குடித்தேன்.

“இப்ப இது அவருக்கு விஷம் அண்ணே” என்றேன்.

இவர் என் சேலை நுனியைப் பிடித்து இழுத்தார்.

“பக்கத்துக் கடைக்காரரு பிரஷருக்கு நல்லதுன்னு தெனமும் முருங்கயிலச் சாறு குடுத்தாரு. ரெண்டு மாசமா குடிக்கிறேன். அதயும் டொக்டருகிட்ட சொல்லிரு புள்ள.”