என் கடிதத்தை வாசித்தவர்

போர் நடந்துகொண்டிருந்த காலம். நாங்கள் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருந்தோம். நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தேன். அண்ணன் வேலைக்காகக் கட்டார் நாட்டில். அவனுக்கு எழுத எனக்கிருந்த ஒரே இடம் சந்தியிலிருந்த இணையக் கடை, நெற் கபே. மின்னஞ்சல் என்றால் என்னவென்றே தெரியாத எனக்கு, கடைக்காரர்தான் கணக்குத் திறந்து கடவுச்சொல்லும் போட்டுத் தந்தார். "மாத்தாதேங்கோ, மறந்துபோவியள்" என்றார். நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

அந்த மாதம் அப்பா, இறக்கக்கண்டிக் கரையிலிருந்து படகில் இந்தியாவுக்குப் போக ரகசியமாக ஏற்பாடு செய்திருந்தார். வெளியே தெரிந்தால் வழியிலேயே பிடிபடுவோம். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத நாட்கள் அவை. வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான்காவதாக அண்ணனுக்கு எழுதினேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில், வீட்டுக்கார அன்ரி அம்மாவிடம் கேட்டார்: "நீங்கள் இறக்கக்கண்டியால போகப் போறியளாம், உண்மையோ? சனம் கதைக்குது."

அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு உள்ளே வந்து அழுதார். அப்பா அன்றே பயணத்தை நிறுத்தினார். "உன்ர வாய்தான் எங்களைக் காட்டிக் குடுத்தது" என்றவர், ஒரு கிழமை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நானோ ஒருவரிடமும் மூச்சு விட்டிருக்கவில்லை.

எப்படி வெளியே போனது? யோசிக்க யோசிக்க ஒரு வழிதான் தெரிந்தது: அண்ணனுக்கு எழுதிய மின்னஞ்சல். திரும்பவும் அந்தக் கடைக்குப் போய் அண்ணனுக்கு ஒரு பச்சைப் பொய் எழுதினேன்: மட்டக்களப்பு வாத்தியார் ஒருவரோடு எனக்குக் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது என்று. வேறு யாருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அன்ரி சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன பிள்ளை, மட்டக்களப்பு மாப்பிள்ளையாம்! எங்களுக்குச் சொல்லேல்லையே?"

"ஆர் அன்ரி சொன்னது?"

"நெற் கடைத் தம்பிதான்."

எப்படி அந்தச் சந்திவரை நடந்தேன் என்று நினைவில்லை. உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்தது.

"என்ர கடிதத்தை ஏன் வாசிச்சனீங்கள்?"

கடைக்காரர் முகம் மாறவேயில்லை. "பாஸ்வேர்ட் போட்டுத் தந்ததே நான்தானே, தங்கச்சி. பொழுது போகாமல் சும்மா பாத்தனான்."

எங்கள் மூன்று உயிரும் அவருக்குப் பொழுதுபோக்கு! அவர் மேசையில் கிடந்த கொப்பியை எட்டி எடுத்தேன். பக்கம் பக்கமாகப் பெயரும் கடவுச்சொல்லும். எங்கள் தெருவே அதற்குள் இருந்தது.

"இதென்ன, ஊரையே எழுதி வைச்சிருக்கிறியள்!" என்று கத்தினேன்.

பக்கத்துக் கதிரையிலிருந்த ஒரு ஐயா திரும்பினார். "பொம்பிளைப் பிள்ளை இப்பிடிக் கத்தக்கூடாது. விடு பிள்ளை."

அவர்மேலும் கோபம் வந்தது. பெயரைக் கேட்டு, கொப்பியை அவர் முன்னால் விரித்தேன். "உங்கட பேரும் கிடக்கு ஐயா. நீங்கள் எழுதினதையும் வாசிச்சிருப்பார்."

ஐயா வாசித்தார். பிறகு அவர் போட்ட சத்தத்துக்கு முன்னால் என் சத்தம் ஒன்றுமேயில்லை. கடைக்காரர் மன்னிப்புக்கூடக் கேட்காமல் வெளியே போய்விட்டார். நான் அவருடைய கணினி முன்னாலேயே உட்கார்ந்து, தெரியாத ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, அரை மணித்தியாலத்தில் என் கடவுச்சொல்லை மாற்றினேன். பிறகு ஐயாவுக்கு. பிறகு அங்கிருந்த எல்லோருக்கும்.

"நான் பிழையா நினைச்சுப்போட்டன்" என்றார் அப்பா, நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது. ஆனால் படகு போய்விட்டது. இன்னொன்று கிடைக்கவில்லை. போர் முடியும்வரை அதே அறையில் செல் குண்டுகளின் சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்தோம்.

பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும்போதுதான், இப்படிப்பட்ட களவைப் பிடிப்பதும் தடுப்பதும் ஒரு தொழில் என்று தெரியவந்தது. "பொம்பிளைப் பிள்ளைக்கு ரீச்சர் வேலையே போதும்" என்றார்கள் உறவினர்கள். நான் கேட்கவில்லை. இன்று அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். அந்த மனிதர்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டுமென்று நான் விரும்பவுமில்லை, ஒவ்வொரு நாள் காலையிலும் என்னை வேலைக்கு அனுப்புவது அதுதான்.