மாதாவுக்குக் கீழே சிவப்பு விளக்கு

மூன்றாம் மாடி அக்காவின் அடுப்பை அணைத்தது நீங்கள்தான். ஜேர்மனியில், எசன் நகரில் எங்கள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகத்தைச் சொல்கிறேன்.

வாசலில், தபால்பெட்டிகளுக்கு மேலே நோட்டீஸ் ஒட்டினீர்கள். மூன்றாம் மாடிச் சமையல் படிக்கட்டெல்லாம் மணக்கிறதாம், மற்றவர்களுக்குத் தொல்லையாம். அந்த மாடியில் ஆட்கள் இருப்பது ஒரே வீட்டில்தான். பெயர் போடாமல் விட்டது பெரிய மரியாதையா? அக்கா அதைக் கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பார்த்தார். கைபேசி 'துர்நாற்றம்' என்றது. எங்கள் பேச்சில் கறி மணக்கும், சாக்கடைதான் நாறும். அன்றோடு அவர் சமைப்பதை விட்டார்.

அவருடைய கணவர் அப்போதுதான் இதய வால்வு மாற்றி வீட்டுக்கு வந்திருந்தார். நான் அவர்களுக்குக் கீழ்வீடு. பார்க்கப் போனபோது மனுஷன் பாண் ரொட்டியையும் சீஸையும் தட்டில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒரு கரண்டி மீன்குழம்பு கேட்டனான். தரமாட்டாவாம். ஆஸ்பத்திரியிலையே இருந்திருக்கலாம்."

"ஏலாது தம்பி," என்றார் அக்கா. "வீட்டை விட்டு எழுப்பிவிட்டாங்கள் எண்டால் இவரையும் கொண்டு எங்கை போறது?"

வீடு புழுங்கியது. யன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. எங்கள் கட்டடத்தில் சுவரில் மாட்டிய ஒரு பெட்டிதான் உள்காற்றைக் கூரைக்கு மேலே தள்ளிவிட்டு, வெளிக்காற்றைச் சூடாக்கி உள்ளே தருகிறது. சமையலறைக் கூரையில் காற்றை இழுக்கும் ஓட்டையில் கழிவறைத் தாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். ஒட்டியிருக்க வேண்டும். கீழே விழுந்தது.

"அக்கா, பெட்டி வேலை செய்யுதோ?"

"ஓம் ஓம். லைட் எரியுது, பாருங்கோ."

நடைவழியில் அந்தப் பெட்டியின் மேல் மாதா சொரூபம், பிளாஸ்டிக் ரோசாப்பூ. கீழே பெட்டியின் முகப்பில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு.

"இது எப்ப தொடக்கம் எரியுது?"

"போன மார்கழியிலை தானா எரிஞ்சது. மாதாவுக்கு விளக்கு வைச்ச மாதிரி வடிவா இருக்கு எண்டு விட்டிட்டன். பின்னேரத்திலை இதிலை நிண்டுதான் செபம்."

சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. காற்று வடிகட்டும் பில்டரை மாற்று என்று கத்துகிற விளக்கு அது. அதன் முன்னால் நின்றுதான் இந்த மனுஷி புருஷனுக்காகச் செபித்திருக்கிறார்.

அவருக்கு எப்படித் தெரியும்? சாவி தந்த அன்று உங்கள் ஆள் எங்கள் எல்லோருக்கும் சொன்னார்: பெட்டியைத் தொடாதீர்கள், வருடா வருடம் நாங்கள் வந்து பார்ப்போம். அக்கா தொடவில்லை. நீங்களும் வரவில்லை. என் வீட்டில் அந்த விளக்கு எரிந்தபோது உங்களுக்குப் போன் எடுத்து எடுத்து அலுத்து, நானே கழற்றி மாற்றினேன். வாங்கியதில் ஒரு சோடி மிச்சம் இருந்தது. போய் எடுத்துவந்தேன்.

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மாதாவை இறக்கி, கணவரின் மடியில் வைத்தார். நான் மின்சாரத்தை நிறுத்தி மூடியைத் திறந்தேன். வெளிக்காற்று வரும் பக்கத்து பில்டரை இழுத்தால் கரிக்கட்டை மாதிரி வந்தது. எல்லாம் பக்கத்து நெடுஞ்சாலைத் தூசி. உள்காற்று போகும் பக்கத்து பில்டர் மஞ்சள் பிடித்து, தும்பு அடைத்துக் கிடந்தது.

அக்கா அதை மணந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "இது என்ரை கறித்தூள்தான் தம்பி."

"ஓம் அக்கா. அதைப் பிடிக்கத்தானே பில்டர் வைச்சிருக்கிறாங்கள். பிடிச்சு நிரம்பினால் மாத்த வேணும். இது அடைச்சபடியால் மணம் மேலை போக வழியில்லை. கதவு திறக்கேக்கை படிக்கட்டுக்கு வருது."

"அப்ப நான் பிழை விடேல்லையோ?"

இதைக் கேட்ட குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அம்புக்குறி பார்த்துப் புதியதைச் செருகி, மூடி, மின்சாரத்தைத் திரும்பப் போட்டேன். விளக்கு அணைந்தது. தாளைப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டு நின்றது.

"எனக்கு வால்வு, இந்தப் பெட்டியாருக்கு பில்டர்," என்றார் மாதாவை மடியில் வைத்திருந்தவர். "ரெண்டு பேருக்கும் இப்பதான் மூச்சு வருது. இனியாவது குழம்பை வையுமப்பா."

அக்கா உப்பைக் குறைத்து மீன்குழம்பு வைத்தார். அது கொதிக்கும்போது நான் வெளியே போய்ப் படிக்கட்டில் இறங்கி நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன். முதலாம் மாடியில் யாரோ வெங்காயம் பொரிக்கிற மணம் வந்தது. அதற்கு நீங்கள் இன்னும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

மேலே போனால், அக்கா மாதாவைத் திரும்பப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அணைந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாதாவுக்கு இப்ப வெளிச்சம் இல்லை," என்றார்.

உங்கள் நோட்டீஸ் இன்னும் தபால்பெட்டிக்கு மேலேதான் தொங்குகிறது. அக்கா கடிதம் எடுக்கப் போகும்போது குனிந்த தலையோடுதான் போகிறார். அந்த வீட்டு பில்டரை மாற்ற ஏன் ஒருவரும் வரவில்லை? எனக்குப் போனில் சொல்ல வேண்டாம். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்ல வேண்டாம். நோட்டீஸ் ஒட்டிய அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், கையெழுத்துப் போட்டு, கட்டடம் முழுக்க வாசிக்கப் பதிலை ஒட்டுங்கள்.