கண்ணை மூடிச் சொன்ன பாடம்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். நான் இங்கேயே பிறந்து, படித்து, வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்து யோகா செய்கிறவள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் வினையானது.

போன வருஷம் எங்கள் ஆலைக்குத் தானியங்கி இயந்திரங்கள் வரத் தொடங்கின. அதுவரை கையால் வேலை செய்த பெண்கள், புது இயந்திரங்களை இயக்கப் பழகி ஒரு தேர்வு எழுத வேண்டும். தேறாதவர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. இந்த அறிவிப்பை ஒட்டிய நாளிலிருந்து கேன்டீனில் பேச்சே குறைந்துபோனது. ஒருத்தி வேலை நேரத்தில் மயங்கி விழுந்தாள். கன்னடம் கலந்த தமிழில் பேசும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.

"நோடி மேடம், இங்க பாருங்க, எல்லாரும் டென்ஷன்ல இருக்காங்க. ஷிஃப்டுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் பிராணாயாமம், தியானம்னு சொல்லிக் கொடுங்க. மனசு சாந்தமா இருந்தா எல்லாம் சரியாகும்."

மறுக்கத் தோன்றவில்லை. கேன்டீன் மேஜைகளை ஓரமாகத் தள்ளிப் பாய்களை விரித்தோம். "கண்ண மூடுங்க. மூச்ச மட்டும் கவனிங்க" என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு அந்நியமாக இருந்தது. இவர்களில் யார் யார் மிஞ்சுவார்கள் என்ற யோசனை என் மூச்சையே ஒழுங்காக விடவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண்ணின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிப் பக்கத்துப் பெண்; கன்னட வழியில் பத்தாவது வரை படித்தவள்; வீட்டில் பேசுவது தமிழ். முடிந்ததும் அருகில் போய், "என்ன ஜபம் பண்றீங்க?" என்று கேட்டேன்.

"ஜபமெல்லாம் இல்லீங்க மேடம்" என்று கூசினாள். "மிசின் நின்னு போனா திரையில இங்கிலீசுல என்னென்னமோ வருதுங்களே, அதத்தான் சொல்லிப் பாத்துட்டிருந்தனுங்க. வாயில நிக்கவே மாட்டேங்குது."

"பயிற்சியில சொல்லித் தர்றாங்களே?"

"தர்றாங்க. வெரசாச் சொல்லிட்டுப் போயிர்றாங்க. நீங்க கண்ண மூடச் சொன்னா சாமி வரமாட்டேங்குதுங்க, பரிச்சைதான் வருது. கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் நான் பயிற்சிக் கையேட்டை எடுத்துக்கொண்டு போனேன். பாயில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு செய்தியாகப் படித்து, கன்னடத்திலும் தமிழிலும் அர்த்தம் சொன்னேன். 'டோர் நாட் க்ளோஸ்டு' என்றால் காப்புக் கதவு சரியாக மூடவில்லை; மூடினால்தான் ஓடும். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அறிவிப்புக்குப் பிறகு முதல்முறையாக அந்தக் கூடத்தில் சத்தம் கேட்டது.

விஷயம் மேலாளர் காதுக்குப் போயிற்று.

"மேடம், பயிற்சிக்குத் தனியா ஆளு இருக்காங்க. நீங்க யோகா மட்டும் பாருங்க."

"அவங்களுக்கு இப்ப வேண்டியது இதுதான் சார்."

அவர் குரலை இறக்கினார். "நம்ம பிரிவு வேலைக்கே சாஃப்ட்வேர் வரப்போகுது. உங்களுக்கும் கொத்தல்லா, தெரியுமில்ல? இந்த நேரத்துல எதுக்கு மேடம்?"

கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது அந்த 'எதுக்கு மேடம்' கூடவே வந்தது. பொதுவாகச் சொன்னாரா, எச்சரித்தாரா? இரவு கையேட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

காலையில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கையேடு இல்லை. "கண்ண மூடுங்க" என்றேன். சில முகங்கள் வாடுவது தெரிந்தது. நானும் மூடிக்கொண்டேன். மூச்சை இழுத்து, விடும்போது, "சென்சார் ஃபால்ட்" என்றேன். கௌதள்ளிப் பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி அர்த்தத்தைச் சொன்னது. அடுத்த மூச்சுக்கு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நினைவிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னேன். தேர்வு வரை தினமும் அப்படித்தான். மேலாளர் ஒருநாள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். நிமிர்ந்த முதுகுகளும் மூடிய கண்களும் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அந்த நேரங்களில் எனக்குள்ளும் ஏதோ அடங்கியது. பல வருஷத் தியானத்தில் கிடைக்காத அமைதி அது. ஆனால் பாயைச் சுருட்டியதும் பயம் திரும்பிவிடும்.

பலர் தேறினார்கள். சிலர் தேறவில்லை. மயங்கி விழுந்தவள் தேறாதவர்களில் ஒருத்தி. அவளுடைய அடையாள அட்டையைத் திரும்ப வாங்கியது நான்தான். "பரவாயில்ல மேடம், நீங்க சொல்லிக் கொடுத்தீங்கல்ல" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கௌதள்ளிப் பெண் தேறி, கண்ணாடி அறைக்குள் இருக்கும் புது இயந்திரத்துக்குப் போனாள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தபோது, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நின்னு பாத்துட்டே இருக்கோணும், அவ்வளவுதானுங்க. பேச்சுத் தொணைக்கு ஆளில்ல. அடுத்தாப்புல இதவிடப் பெரிய மிசின் வருமாமா. அப்ப இன்னொரு பரிச்சை வெப்பாங்களா மேடம்?"

"தெரியலம்மா" என்றேன்.

காலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பிரிவின் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கும் கெடு வைத்திருக்கிறார்கள். வீட்டில் விளக்கேற்றிக் கைகூப்பும்போது என்ன கேட்பதென்று தெரியவில்லை. இந்த வேலை நிலைக்க வேண்டும் என்றா, அது போனாலும் நான் நிலைக்க வேண்டும் என்றா? ஒன்றும் கேட்காமலே கும்பிட்டு முடிக்கிறேன். பிறகு மடிக்கணினியைத் திறந்து அன்றைய பாடத்தை வாய்விட்டுப் படிக்கிறேன்.