குளிசையை நிறுத்தச் சொன்ன பலகை

காதில் ஊசி குத்துவது சுகமான வேலை. ஊசியைப் பற்றிக் கதைக்கிற வாய்களோடுதான் பெரிய அவதி. நாலு பேரோடு மாரடிக்கும் தொழிலில் இருந்தால் உங்களுக்கும் இது விளங்கும்.

நான் சாவகச்சேரியில் ஒரு தனியார் நிலையத்தில் காது அக்குபங்சர் செய்கிறவள். திடீரென்று கை நீட்டுவது, எறிவது, உடைப்பது என்று தங்களைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் வருவார்கள். காது மடலில் மெல்லிய ஊசிகளைக் குத்திக் கொஞ்ச நேரம் இருத்திவைப்போம். சிலருக்கு மனம் ஆறும். வைத்தியர் தரும் குளிசைக்கு இது துணை, பதில் அல்ல.

ஸ்கூட்டி வாங்கின வருத்தம்

வட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியைக் கூட்டிவந்தார். "இவ ஒண்டும் யோசிக்காமல் செய்யிறா, மிஸ். ஊசி குத்திவிடுங்கோ" என்றார். என்ன செய்தா என்று கேட்டேன். தையலில் உழைத்த காசில், தன்னைக் கேட்காமல் ஸ்கூட்டி வாங்கிவிட்டாவாம். சொல்லும்போதே மேசையில் ஓங்கி அடித்தார். ஊசித்தட்டு துள்ளியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்கடை மனுசிக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை, எழும்புங்கோ" என்றேன். அவர் விறுவிறுவென்று வெளியே போனார். அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு ஆறுதலாக, அவசரப்படாமல் எழுந்தா.

"நான் யோசிக்காமல் செய்ததெண்டால் உவரைக் கட்டினது மட்டுந்தான், மிஸ்."

வெட்டின வாழை

நீர்வேலி சிவராசா அண்ணைக்கு வாழைத்தோட்டம். கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஆஸ்பத்திரிக் குளிசையோடு எங்களிடமும் வந்தார். நல்லாகத் தேறிவந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் முதலாளி வாசலில் ஒரு பலகை தொங்கவிட்டார்: "கோபம் முற்றாகக் குணமாகும். மருந்து தேவையில்லை." சிவராசா அண்ணை கேட்டதற்கு, வாயாலும் அதையே சொல்லியிருக்கிறார். முதலாளி அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. மனிசன் நம்பிக் குளிசையை நிறுத்திவிட்டார்.

பிறகு அவருடைய மனைவி தனியாக வந்தா. கையில் பெரிய கட்டு. தண்ணீர் இறைப்பதில் பக்கத்துத் தோட்டக்காரரோடு வாய்த்தர்க்கம் வந்து, அந்த வேகத்தில் சிவராசா அண்ணை தன்னுடைய குலை தள்ளிய வாழைகளையே வெட்டிச் சாய்த்திருக்கிறார். தடுக்கப்போன இவவின் கையிலும் கத்தி பட்டுவிட்டது. இப்போது தோட்டத்துக்குள் இருந்து அழுகிறாராம். "அக்கா, இண்டைக்கே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். தலையாட்டிவிட்டு, கட்டுப்போட்ட கையால் வாசலைக் காட்டினா.

"ஊசி குத்தினால் குளிசை தேவையில்லை எண்டு உங்கடை ஆக்கள்தானே எழுதி வைச்சிருக்கிறியள், பிள்ளை?"

துணை என்ற சொல்

சிவராசா அண்ணை திரும்பக் குளிசை எடுக்கத் தொடங்கினார். நான் முதலாளியிடம் போனேன். "பலகையைக் கழட்டுங்கோ. இல்லாட்டில் துணைச் சிகிச்சை எண்டு மாத்தி எழுதுங்கோ."

"துணை எண்டு போட்டால் ஆர் வருவினம்?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, காத்திருந்த சனத்துக்கு முன்னாலேயே பலகையைக் கழற்றினேன். "உந்தப் பலகையை நம்பி ஒருதரும் குளிசையை நிப்பாட்டாதேங்கோ" என்று உரக்கச் சொன்னேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை, நீர் முதல்லை உம்மடை காதிலை ரண்டு ஊசி குத்தும்."

பலகையும் திரும்ப ஏறவில்லை, என் காதில் ஊசியும் ஏறவில்லை, ஏனென்றால் என்னுடையது நன்றாக யோசித்து வந்த கோபம்.